விலை உயர்ந்த மியூசிக் பிளேயரும் டாக்கும்: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், சுங்கை சிப்புட்டில், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கோயில் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் சிறிய கடை எங்களுடையது. முன்பெல்லாம் கேசட் பிளேயருக்கு பெல்ட் மாற்ற வருவார்கள். இப்போது சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வேலை செய்யும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது உள்ளங்கை அளவு பிளேயரைக் கொண்டு வந்து கருத்துக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டாக் என்றால் என்ன? கைபேசியிலேயே பாட்டு வருகிறதே, தனியாக எதற்கு?

பாட்டுக் கோப்பில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களை மின் அலையாக மாற்றுகிற சிப்தான் டாக் (DAC). உங்கள் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறது. அந்தச் சிப்போடு ஹெட்போனை இயக்கும் ஆம்ப், பேட்டரி, மெமரி கார்டு, திரை எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ந்தால் அது டிஜிட்டல் பிளேயர். ஆஸ்டெல் அண்ட் கெர்ன் 2012-இல் ஏகே100-ஐ வெளியிட்டதற்குப் பிறகு இந்த விலை உயர்ந்த ரகம் சூடு பிடித்தது. இன்று சோனி, ஃபியோ, ஐபாஸோ, கேயின், ஹைபி என்று பல பெயர்கள். தனி டாக் என்றால் கைபேசியில் செருகும் விரல் நீள டாங்கிளிலிருந்து மேசைமேல் வைக்கும் கனத்த பெட்டி வரை உண்டு. பல கைபேசிகளில் ஹெட்போன் துளையையே எடுத்துவிட்டார்கள், அதனால் வயர் போட்ட இயர்போன் வைத்திருப்பவருக்கு ஏதோ ஒன்று தேவைதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) பிளேயர், ஐந்நூறு வெள்ளி பிளேயரைவிட நன்றாக ஒலிக்குமா?

இரண்டும் ஒழுங்காகச் செய்த கருவிகளாக இருந்து, ஒரே இயர்போனில், ஒரே சத்தத்தில், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால், பெரும்பாலானோரால் பிரித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

காரணம் எளிது. எண்ணை அலையாக மாற்றும் வேலையைப் பொறியாளர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். ஆப்பிள் 9 அமெரிக்க டாலருக்கு விற்ற யூஎஸ்பி-சி டாங்கிளையே எடுத்துக்கொள்வோம். அளந்து பார்த்தவர்களின் கணக்கில் அதன் இரைச்சலும் திரிபும் சேர்ந்து பாட்டைவிடச் சுமார் 99 டெசிபெல் கீழே கிடக்கின்றன. நல்ல மேசை டாக்குகளில் இது 120-ஐத் தொடும். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் விசிறி ஓடும் நம் வீட்டு அறையில் சும்மா இருக்கும் சத்தமே 40 டெசிபெல் அளவுக்கு வந்துவிடும். பாட்டின் உச்சத்தை 100 டெசிபெலில் வைத்தால்கூட அந்த டாங்கிளின் குறைகள் 1 டெசிபெல் பக்கம் போய்விடுகின்றன. விசிறிச் சத்தத்துக்கு அடியில் அதைத் தேடிப் பிடிக்க எந்தக் காதாலும் ஆகாது.

அதற்காக எல்லாப் பிளேயரும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆம்பின் பலம், அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளிவரும் மின்சாரத்துக்குப் பிளேயரே தரும் தடை, ஓமில் அளப்பது), பின்னணி இரைச்சல் ஆகிய மூன்று இடங்களில் உண்மையான வித்தியாசம் வரும். விலைக்கும் இந்த மூன்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் பலருக்குப் பிடிக்காத செய்தி.

ஆனால் அண்ணே, நான் என் காதாலேயே கேட்டேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது!

தெரிந்திருக்கும். பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். எது தெரிந்தது என்பதுதான் கேள்வி.

முதல் சந்தேகம் சத்த அளவின் மேல். ஒரு பிளேயர் மற்றதைவிட அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தால் அது "சத்தம் கூடுதல்" என்று மூளைக்குப் படாது. "தெளிவு கூடுதல்", "குரல் முன்னால் வருகிறது", "பாஸ் இறுக்கமாக இருக்கிறது" என்றுதான் படும். இரண்டு பிளேயரிலும் வால்யூமை 60-இல் வைத்தேன் என்பார்கள். இதில் இருக்கும் 60-க்கும் அதில் இருக்கும் 60-க்கும் எந்த உறவும் கிடையாது. மேசை டாக்குகளிலும் இதே கதைதான்: ஒன்று 2 வோல்ட் கொடுக்கும், பக்கத்தில் உள்ளது 2.5 வோல்ட் கொடுக்கும். அதுவே கிட்டத்தட்ட 2 டெசிபெல். கூடுதல் வோல்ட் கொடுப்பதுதான் "உயிரோட்டமாக" இருக்கிறது என்று பேர் வாங்கும்.

இடம் வலம் இரண்டையும் பொதுக் கம்பி இல்லாமல் தனித்தனியாக ஓட்டும் பேலன்ஸ்டு 4.4 மில்லிமீட்டர் துளையில் இது இன்னும் மோசம். பெரும்பாலான பிளேயர்களில் அதில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபெல் ஏறும். சாதாரண 3.5 துளையிலிருந்து 4.4-க்கு மாற்றி மாட்டிவிட்டு "திரை விலகியது போல இருக்கு" என்பவர்கள் வால்யூமைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது, ஒலியின் நுணுக்கத்தை மனம் சில நொடிகள்தான் பிடித்து வைக்கும். ஈப்போவில் ஒரு கடையில் காலையில் கேட்டதை மாலையில் வீட்டில் கேட்பதோடு ஒப்பிட்டால், ஒப்பிடுவது ஒலியை அல்ல, நினைவை.

மூன்றாவது விலைச்சீட்டு. அதைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

சரி, அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது?

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். மிக மலிவான மீட்டர்களில் ஏசி வோல்டேஜ் 200 வோல்ட் அளவில்தான் தொடங்கும், அது இதற்கு உதவாது. ஏசியில் 2 வோல்ட் அல்லது மில்லிவோல்ட் அளவு உள்ள மீட்டராகப் பார்த்து எடுங்கள்.

400 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை இரண்டு பிளேயரிலும் ஏற்றுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 400 என்று சொல்வதற்குக் காரணம், சாதாரண மீட்டர்கள் அந்த அலைவரிசை வரைதான் நம்பும்படி அளக்கும். பிளேயரில் இரட்டைத் துளை ஸ்பிளிட்டர் ஒன்றை மாட்டி, ஒரு துளையில் இயர்போனைச் செருகுங்கள். காதில் போடாதீர்கள், மேசையிலேயே கிடக்கட்டும். மறு துளையில், ஒரு பக்கம் ஜாக்கும் மறுபக்கம் உரித்த கம்பிகளும் உள்ள ஒரு வயரைச் செருகி, ஜாக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் போகும் கம்பிகளில் மீட்டரின் முனைகளை வையுங்கள். ஈக்வலைசர் இரண்டிலும் அணைந்திருக்க வேண்டும். முதல் பிளேயரில் 0.300 வோல்ட் காட்டினால், இரண்டாவதிலும் 0.297-க்கும் 0.303-க்கும் இடையில் வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். 1 விழுக்காடு வித்தியாசம் என்பது 0.1 டெசிபெலுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குக் கீழே காது ஏமாறாது. சில பிளேயர்களில் வால்யூம் ஒரு படிக்கு 1 டெசிபெல் தாவும், அப்போது சரியாகப் பொருந்தாது. படி நுணுக்கமாக இருக்கும் பிளேயரைத்தான் நகர்த்த வேண்டும்.

அப்புறம் இன்னொரு ஆள் வேண்டும். அவர் உங்களுக்குத் தெரியாமல் நாணயத்தைச் சுண்டி எந்தப் பிளேயர் என்று முடிவு செய்து மாட்டட்டும், குறித்தும் வைக்கட்டும். நீங்கள் எது என்று சொல்லுங்கள். 16 தடவையில் 12 சரியாக வந்தால் ஏதோ கேட்கிறது என்று ஏற்கலாம், குருட்டாம்போக்கில் அப்படி வர 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்புத்தான். 16-இல் 9 வந்தால் அது நாணயம் பேசியது. இரண்டு கோப்புகளை ஒப்பிடுவதென்றால் ஆளே வேண்டாம், கணினியில் ஃபூபார்2000 மென்பொருளில், எது ஓடுகிறது என்று காட்டாமல் கேட்கவைக்கும் ஏபிஎக்ஸ் சோதனை இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அவ்வளவு அலுப்பான வேலை.

அவுட்புட் இம்பீடன்ஸ் என்று சொன்னீர்களே, அது என் காதுக்கு எப்படித் தெரியும்?

இதுதான் பலரும் கவனிக்காத, ஆனால் நிஜமாகவே கேட்கக்கூடிய விஷயம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வகை இயர்போன்கள் (மேலே சொன்ன பேலன்ஸ்டு துளைக்கும் இதற்கும் தொடர்பில்லை) பலவற்றின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி இருக்காது. ஓர் இடத்தில் 8 ஓம், இன்னோர் இடத்தில் 40 ஓம் என்று ஏறி இறங்கும். பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் இருக்கும் இடத்தில் வோல்டேஜில் பாதிக்கும் குறைவுதான் இயர்போனுக்குப் போய்ச் சேரும், 7 டெசிபெல் இழப்பு. 40 ஓம் இருக்கும் இடத்தில் இழப்பு 2 டெசிபெல்தான். ஆக, இயர்போன் செய்தவர் நினைத்தே பார்க்காத 5 டெசிபெல் மேடு பள்ளம் பாட்டில் விழுகிறது. அதே இயர்போனை 1 ஓம் பிளேயரில் போட்டால் இந்த மேடு பள்ளம் 1 டெசிபெலுக்கும் கீழே வந்துவிடும்.

"இந்தப் பிளேயர் இருட்டாக இருக்கு, அது வெளிச்சமாக இருக்கு" என்று சொல்லப்படும் பல கதைகளுக்குப் பின்னால் இருப்பது டாக் சிப் அல்ல, இதுதான். உங்கள் இயர்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். வால்வு வைத்த சில பிளேயர்களிலும் பழைய ஆம்ப்களிலும் இது கூடுதலாக இருக்கும். வாங்கும்முன் விவர அட்டையில் தேடிப் பாருங்கள். அங்கே எழுதாமல் மறைத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பாட்டு ஓடாதபோது "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கிறது. பழுதா?

அநேகமாகப் பழுது இல்லை. இயர்போன் அளவுக்கு மீறிய உணர்திறன் உள்ளதாக இருக்கும். சில இயர்போன்கள் 7 மில்லிவோல்ட்டிலேயே 94 டெசிபெல் கொடுத்துவிடும். அந்த மாதிரி ஒன்றை 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள பிளேயரில் மாட்டினால் 37 டெசிபெல் இரைச்சல் காதுக்குள் வரும், இரவில் நன்றாகவே கேட்கும். 1 மைக்ரோவோல்ட் பிளேயர் என்றால் 17 டெசிபெல், கேட்காது. கனத்த ஹெட்போனை இயக்குவதற்காகவே செய்த பெரிய பிளேயர்கள் இந்த விஷயத்தில் சின்ன டாங்கிளிடம் தோற்பது உண்டு. வாங்கும் கடையில் பாட்டை நிறுத்திவிட்டும் கேட்டுப் பாருங்கள்.

பெரிய ஹெட்போனுக்குப் பெரிய பிளேயர் கட்டாயமா?

ஹெட்போனைப் பொறுத்தது. சென்ஹைசர் எச்டி 650-ஐ எல்லாரும் "ஓட்டக் கஷ்டமானது" என்பார்கள், 300 ஓம் என்பதால். ஆனால் 1 வோல்ட் கொடுத்தாலே 103 டெசிபெல் தரும். 1 வோல்ட் டாங்கிளில் திரைப்பாட்டு கேட்பதற்கு அது தாராளம். மாறாக, ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற பிளேனார் ஹெட்போன் 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தரும். அதில் 110 டெசிபெல் உச்சம் எட்ட 450 மில்லிவாட் பக்கம், அதாவது 4.7 வோல்ட் வேண்டும். டாங்கிள் அங்கே முக்கி முனகும், தவில் அடி மொட்டையாகும். ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், உணர்திறனையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்தச் சிப் நல்லது? ஈஎஸ்எஸ்ஸா, ஏகேஎம்மா, ஆர்டூஆரா?

ஈஎஸ்எஸ்ஸும் ஏகேஎம்மும் டாக் சிப் செய்யும் நிறுவனங்கள். சிப்பின் பெயரை வைத்து ஒலியைச் சொல்வது, அரிசியின் பெயரை வைத்துச் சாப்பாட்டின் ருசியைச் சொல்வது மாதிரி. சுற்றியுள்ள மின்சுற்று, பவர் சப்ளை, ஆம்ப் இவைதான் பாதிக் கதை.

2020 அக்டோபரில் ஜப்பானின் மியாசாகி மாநிலம் நோபெயோகாவில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. சிப் கிடைக்காமல் பல நிறுவனங்கள் தங்கள் மாடல்களை ஈஎஸ்எஸ் சிப் போட்டு மறுபடி வடிவமைத்தன. அதுவரை "ஏகேஎம் வெல்வெட் மாதிரி, ஈஎஸ்எஸ் கண்ணாடி மாதிரி" என்று அடித்துப் பேசிய ரசிகர்களுக்கு அது ஒரு நல்ல பரீட்சையாக அமைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பரீட்சையை எழுத அதிகம் பேர் முன்வரவில்லை.

ஆர்டூஆர் என்பது மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி எண்ணை மின் அலையாக்கும் முறை. பிலிப்ஸ் நிறுவனத்தின் டிடிஏ1541 போன்ற எண்பதுகளின் பலபிட் சிப்களின் வழியில் வந்தது. அதில் சில கருவிகளில் "என்ஓஎஸ்" என்று ஒரு முறை உண்டு, ஓவர்சாம்பிளிங் (எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாமல் நேராக மாற்றுவது. சிடி தரக் கோப்பில் இந்த முறை 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெலும் 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெலுக்கு மேலும் குறைக்கும். ஆகவே ஒலி "இதமாக" இருக்கிறது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. மேல் ஸ்தாயி லேசாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈக்வலைசரில் சும்மா கிடைப்பதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கலாமா என்பது உங்கள் சௌகரியம். கேயின் என்8 பிளேயரில் கோர்க் நிறுவனத்தின் நியூடியூப் வால்வு இருக்கிறது, அதுவும் இப்படித்தான்: வேண்டுமென்றே கொஞ்சம் திரிபு சேர்த்து இனிமையாக்குவது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதைத் "துல்லியம்" என்று சொல்லி விற்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரிட்டனின் கோர்ட் (Chord) நிறுவனம் கடை டாக் சிப்பே வாங்காமல், உள்சுற்றை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில் சொந்தமாக எழுதி வைக்கிறது. பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை.

சிடியைவிடக் கூடுதல் விவரம் உள்ள ஹை-ரெஸ் கோப்பு, எம்கியூஏ எல்லாம் வேண்டுமா?

சிடி தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். 16 பிட் என்றால் 96 டெசிபெல் ஏற்ற இறக்கம், 44.1 என்றால் அதில் பாதி அலைவரிசை வரை பதிவாகும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதுவும் இளம் வயதில்.

2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் ஒலியின் நடுவே சிடி தர மாற்றத்தை நுழைத்தால் யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். 554 தடவை கேட்டதில் சரியாகச் சொன்னது 49.8 விழுக்காடு. 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து, 12,500-க்கும் மேற்பட்ட தடவைகளில் 52.3 விழுக்காடு சரி என்று கண்டார். பயிற்சி பெற்றவர்களுக்கு அதைவிடக் கூடியது. ஆக, முழுப் பூஜ்யம் என்றும் சொல்ல முடியாது, பளிச் என்றும் சொல்ல முடியாது. பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக்கி விற்பவரிடம் மட்டும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

எம்கியூஏ என்ற ஹை-ரெஸ் கோப்பு முறையின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த நிறுவனம் 2023-இல் கடனில் சிக்கி, நீதிமன்ற வழி நிர்வாகிகளின் கைக்குப் போய், பிறகு லென்புரூக் வாங்கியது. டைடல் 2024 ஜூலையில் எம்கியூஏ-வைக் கைவிட்டது. அதன் முத்திரைக்காகப் பிளேயர் தேடாதீர்கள்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிக்கலாம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது.

தவில் வையுங்கள். வலந்தலையில் விரல் கூடுகள் விழும் அடி நறுக்கென்று இருக்கும், தொப்பியில் கழி விழும் அடி வயிற்றில் இறங்கும். இரண்டும் ஒரே நொடியில் வரும். ஆம்ப் திணறினால் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். கூடவே நாதஸ்வரம்: மேல் ஸ்தாயியில் சீவாளியின் கரகரப்பு காதைக் கீறினால் உங்கள் இயர்போனில் அந்த இடத்தில் மேடு இருக்கிறது. நம் பக்கத்துத் திருவிழாக்களில் அடிக்கிற உறுமி மேளம் நல்ல பதிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டு போகும் அந்த முனகலைச் சரியாகக் கொண்டு வரும் இயர்போன் குறைவு. கையில் ஒரு ரிக்கார்டர் எடுத்துப்போய் நாமே பதிவு செய்தால் இன்னும் நல்லது, நேரில் கேட்டது எப்படி இருந்தது என்று தெரியுமல்லவா. பின்னணி இரைச்சலைச் சோதிக்கத் தம்பூரா போதும், மீட்டி விட்ட நாதம் எதுவரை கேட்கிறது என்று பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சோதனைகள் டாக்கைவிட இயர்போனைத்தான் அதிகம் அம்பலப்படுத்தும்.

எண்பதுகளின் திரைப்பாட்டுகள் மேல் எல்லாருக்கும் பாசம். ஆனால் அவை டேப்பில் பதிவாகி, இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் வந்தவை. சாதாரண கேசட்டின் இரைச்சல் பாட்டைவிட 50, 55 டெசிபெல்தான் கீழே இருக்கும். 120 டெசிபெல் டாக்கில் அதைப் போட்டால் கேசட்டின் இரைச்சல் மிகத் துல்லியமாகக் கேட்கும். இன்னொரு தொல்லை, ஒரே பாட்டுக்குப் பல டிஜிட்டல் வடிவங்கள் உலவுகின்றன. "டிடிஎஸ் தரம்" என்று பெயர் போட்டு யாரோ பாஸை ஏற்றியது, சத்தத்தை நசுக்கி ஏற்றியது என்று பல ரகம். ஒரு பிளேயரில் ஸ்பாட்டிஃபையும் இன்னொன்றில் சொந்தக் கோப்பும் போட்டு ஒப்பிடவே கூடாது. ஸ்பாட்டிஃபை தானாகவே பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும்.

ஆண்ட்ராய்டு, புளூடூத் பற்றி?

ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் அனுப்பும். நல்ல பிளேயர்கள் அதைத் தவிர்த்துச் செல்லும். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து யூஎஸ்பி டாக்குக்கு மாற்றம் இல்லாமல் அனுப்பவும் வழி வந்திருக்கிறது. அந்த மாற்றமே கேட்கும் அளவுக்குக் கெடுதி செய்கிறதா என்றால், அரிது. புளூடூத்தில் எல்டாக் முறை நொடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட் அனுப்பும், போதும். ஆனால் புளூடூத் ஹெட்போனுக்குள்ளேயே டாக் இருக்கிறது. கையில் இருக்கும் பத்தாயிரம் வெள்ளி பிளேயரின் டாக் அப்போது சும்மா இருக்கும்.

நூறு மணி நேரம் ஓட விட்டால் ஒலி மாறுமா?

பிளேயர் மாறாது. உங்கள் காது பழகிக்கொள்ளும்.

தங்க முலாம், செம்புச் சட்டகம்?

சோனி 2016-இல் விட்ட என்டபிள்யூ-டபிள்யூஎம்1இசட், ஆக்சிஜன் நீக்கிய செம்பைக் குடைந்து தங்க முலாம் பூசியது. எடை 455 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இறங்கும். நகை மாதிரி அழகு, கையில் எடுத்தால் திருப்பித் தர மனம் வராது. அந்த அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்பவரிடம் எனக்கு வாதமே இல்லை.

நம் ஊர் ஈரத்துக்கும் இடிக்கும் இதெல்லாம் தாங்குமா?

இது வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனங்களில் வராத பாடம்.

இயர்போன் முனையில் ஒரு மெல்லிய வலை இருக்கும். வேர்வையும் காது அழுக்கும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் மங்கும். விலை உயர்ந்த பிளேயரின் இடப்பக்கம் போய்விட்டது என்று பதறி வந்த ஒரு தம்பியின் இயர்போனை இடம் வலம் மாற்றி மாட்டச் சொன்னேன். மங்கல் பிளேயரோடு நிற்காமல் இயர்போனோடு சேர்ந்தே நகர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வலையில் மஞ்சளாக ஒரு படலம். புது வலை ஒட்டியதும் சரியாகிவிட்டது. இயர்போனை ஒரு மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள், பையை அவ்வப்போது மாற்றுங்கள்.

பேட்டரிக்கு எதிரி வெயில். செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் காரின் டேஷ்போர்டில் பிளேயரை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். முழுச் சார்ஜில், அந்தச் சூட்டில், லித்தியம் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

மேசை டாக் வைத்திருப்பவர்கள் மாலையில் வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்குங்கள், ரூட்டருக்குப் போகும் வயரையும் சேர்த்து. மடிக்கணினியோடு இணைத்தால் "ம்ம்ம்" என்று ஒரு ஓசை வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் அது எர்த் சுற்று, டாக்கின் குற்றம் அல்ல. ஆப்டிகல் வயருக்கு மாறினால் மின் தொடர்பே இருக்காது, தொல்லையும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் இரண்டு முள் சார்ஜரை, நம் மூன்று துளைச் சாக்கெட்டின் மேல் துளையில் பென்சில் செருகி மாட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஒழுங்கான மூன்று முள் அடாப்டர் சில வெள்ளிதான்.

எங்கே வாங்குவது? பழையது வாங்கலாமா?

கேட்டுப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் கோலாலம்பூர், பினாங்கு போக வேண்டியிருக்கும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து 500 வெள்ளி அல்லது அதற்குக் குறைவான பொருள் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, டாங்கிள் வாங்குகிறவர்கள் அதையும் கணக்கில் சேருங்கள். பழைய மேசை டாக் என்றால் தாராளமாக வாங்கலாம். பழைய பிளேயர் என்றால் பேட்டரியைப் பாருங்கள்: திரை சட்டகத்திலிருந்து இம்மியளவு தூக்கியிருந்தாலும் வேண்டாம். மென்பொருள் பழசாகிப் பாட்டுச் செயலிகள் ஏறாத பிளேயர்களும் நிறைய. ஒலி அப்படியே இருக்கும், திரைதான் முதலில் கிழடாகும்.

கையில் 2,000 வெள்ளி இருந்தால் 1,700-ஐ இயர்போனுக்கும் மீதியை டாங்கிளுக்கும் கொடுங்கள் என்பேன். இயர்போனுக்கு இயர்போன் 5, 10 டெசிபெல் வித்தியாசம் சாதாரணமாகவே வரும்.

அப்பா ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பழைய பாட்டுப் பிரியர். அவருக்கு ஒரு நல்ல பிளேயர் வாங்கித் தரட்டுமா?

முதலில் அவருக்குக் காதுப் பரிசோதனை செய்யுங்கள். செம்பனை ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்தோடும் காலம் கழித்தவர்களுக்கு மேல் ஸ்தாயி குறைந்திருப்பது மிகச் சாதாரணம். ஹை-ரெஸ் அவருக்கு உதவாது. ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றிவிட்டால் பாட்டின் சொற்கள் விளங்கும். பட்டன் பெரிதாக இருக்கட்டும், தொடுதிரை வேண்டாம். வால்யூமுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல், வாரம் 40 மணி நேரம். தோட்டத்தில் கிராணியாக இருந்த ஒரு பெரியவர், பிள்ளை வாங்கித் தந்த விலை உயர்ந்த பிளேயரை அலமாரியில் பூட்டிவிட்டு மின்னல் எஃப்எம்-மே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் யாராவது பேச வேண்டும் என்றார்.

கடைக்கு வந்து கேட்டுப் பார்க்கலாமா?

வரலாம், ஞாயிறு காலையில். மழை பெய்தால் வேண்டாம், எங்கள் தகரக்கூரைக்குக் கீழே மழையில் எந்த டாக்கையும் ஒப்பிட முடியாது. மீட்டரும் ஸ்பிளிட்டரும் இங்கேயே இருக்கின்றன. சொந்த இயர்போனையும் அதன் ரப்பர் நுனிகளையும் கொண்டு வாருங்கள், ஒருவர் காதில் போட்ட நுனியை இன்னொருவருக்கு நாங்கள் தருவதில்லை.